ஆடும் உடலும் ஓடும் படமும்: தற்கால நடனத்தில் திரைக்காட்சியின் வரலாறு

பரதநாட்டிய அரங்கேற்றத்தில் மேடையின் ஓரமாக அமர்ந்திருக்கும் நட்டுவனாரைக் கவனித்துப் பாருங்கள். கையில் தாளம் ஒலித்துக்கொண்டிருக்கும். கண் மட்டும் ஆடுபவரின் பாதத்தை விட்டு அகலாது. தீர்மானத்தின் கடைசி அடியில் ஆடும் பெண் இம்மியளவு தாமதித்தால் அவரும் தாமதிப்பார். பாடுபவரும் மிருதங்கக்காரரும் அவரைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்கள். அரங்கில் இருக்கும் நமக்கு எதுவும் தெரியாது.

அதே மேடையில் நட்டுவனாருக்குப் பதிலாக ஒரு திரைப்படம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆடுபவருக்குக் கால் இடறினாலும் மூச்சு வாங்கினாலும் அது நிற்காது. ஆடுபவர்தான் ஓடிப் பிடிக்க வேண்டும்.

மேடை நடனமும் திரையில் விழும் படமும் ஒன்றுசேர்ந்த வரலாறு ஏறத்தாழ 130 ஆண்டுகள் நீண்டது. அதில் வரும் பெயர்களும் கருவிகளும் பலப்பல. ஆனால் ‘மேடையில் யார் யாரைப் பின்தொடர்கிறார்?’ என்ற ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இவ்வரலாறு எளிதில் பிடிபடும். இக்கட்டுரை அந்த வழியில் செல்கிறது. தற்கால நடனம் என்பது இங்கே பாலே, பரதநாட்டியம் போன்ற மரபு இலக்கணங்களுக்குள் அடங்காமல், 20ஆம் நூற்றாண்டில் தனிக் கலைஞர்கள் தத்தம் அசைவு மொழியை உருவாக்கிக்கொண்ட மேடை நடனத்தைக் குறிக்கும். அதற்கு முன்னோடியானவர்களும் இதில் இடம்பெறுகிறார்கள்.

ஒளியின் சிக்கல்

வரலாற்றுக்குள் போவதற்கு முன் ஒரு நடைமுறைச் சிக்கலைத் தெரிந்துகொள்வது நல்லது. திரையில் படம் தெளிவாகத் தெரிய இருட்டு வேண்டும். ஆடுபவர் தெரிய வெளிச்சம் வேண்டும். ஆடுபவர்மீது போடும் விளக்கு திரையிலும் சிதறினால் படம் வெளுத்துப்போகும். விளக்கைக் குறைத்தால் படம் பளிச்சிடும். ஆடுபவர் வெறும் நிழலாகிவிடுவார். புரொஜெக்டரை அரங்கின் முன்பக்கத்திலிருந்து இயக்கினால் படம் ஆடுபவரின் உடல்மீதே விழும், அவருடைய நிழல் திரையில் விழும்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவில் மீனவர் நடனத்துக்குப் பின்னணியாகக் கடலைக் காட்டினோம். அலைகள் பிள்ளைகளின் சட்டைமேல் ஓடின. கடலுக்குள் கறுப்பு நிழல்கள் நின்றன. கண் கூசியதால் பிள்ளைகள் வரிசை தவறினார்கள். பெற்றோர் நன்றாகக் கைதட்டினார்கள் என்பது வேறு விஷயம். புரொஜெக்டரை அங்கே வைக்கச் சொன்னது நான்தான்.

தொழில்முறைக் குழுக்கள் இதற்கு மூன்று வழிகளைக் கையாள்கின்றன. முதலாவது, திரைக்குப் பின்னாலிருந்து படத்தை வீழ்த்துவது. நம் தோல்பாவைக் கூத்தில் விளக்கு திரைக்குப் பின்னால் இருப்பதும் இதே முறைதான். இரண்டாவது, ஆடுபவருக்கான விளக்குகளை மேடையின் இரு பக்கங்களிலிருந்தும் போடுவது. அப்போது ஒளி உடலைத் தொட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடும், திரையில் விழாது. மூன்றாவது, ஆடுபவருக்கும் பார்வையாளருக்கும் நடுவில் ஒரு மெல்லிய வலைத்திரையைத் தொங்கவிடுவது. கொசுவலைமீது வெளியிலிருந்து டார்ச் அடித்தால் வலைதான் தெரியும். வலைக்குள் விளக்கேற்றினால் வலை மறைந்து உள்ளே இருப்பவர் தெரிவார். இரண்டையும் அளவாகச் செய்தால் வலைமேல் விழுந்த படமும் உள்ளே ஆடும் மனிதரும் ஒரே இடத்தில் இருப்பதுபோலத் தோன்றும். கீழே சொல்லப்படும் படைப்புகள் சிலவற்றின் ‘மாயம்’ இந்தக் கொசுவலைதான்.

துணியே திரையானபோது

அமெரிக்காவில் 1862இல் பிறந்த லோயி ஃபுல்லர் முறையாக நடனம் பயின்றவர் அல்லர். சிறு நாடகங்களிலும் கேளிக்கை மேடைகளிலும் நடித்துவந்தவர். பல கெஜம் மெல்லிய பட்டுத்துணியை உடையாக அணிந்து, கைகளின் நீளத்தைக் கூட்டக் குச்சிகளைப் பிடித்து, துணியைச் சுழற்றிச் சுழற்றி ஆடும் ஒரு முறையை அவர் உருவாக்கினார். வண்ணக் கண்ணாடிகள் பொருத்திய மின்விளக்குகளைப் பல திசைகளிலிருந்து அந்தத் துணியின்மேல் பாய்ச்சினார். பின்னர், ஓவியம் தீட்டிய கண்ணாடிச் சில்லுகளை மாயவிளக்கு எனப்பட்ட அக்காலப் படவீழ்த்தியில் செருகி, உருவங்களையே துணிமீது விழச் செய்தார். 1892இல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் அவர் ஆடியபோது நகரமே பேசியது.

படம் விழுந்த திரை அவர் உடுத்திய உடையே என்பதைக் கவனிக்க வேண்டும். துணி எங்கே பறக்கிறதோ அங்கே படம் பறக்கும். கை தாழ்ந்தால் படமும் மறையும். விளக்கை இயக்குபவர்களுக்கு அவர் காலால் தட்டியும் கையசைத்தும் குறிப்புக் கொடுப்பாராம். படம் ஆடுபவரைப் பின்தொடர்ந்தது. கலையின் தொடக்கத்திலேயே சரியான விடை கிடைத்துவிட்டது என்றும், பிறகு வந்தவர்கள் அதைத் தொலைத்துவிட்டுத் தேடினார்கள் என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

ஃபுல்லருக்கு வேறொரு சிக்கல் வந்தது. அவருடைய ஆட்டத்தை அப்படியே மற்றவர்கள் ஆடத் தொடங்கினார்கள். தன் ஆட்டத்துக்குப் பதிப்புரிமை கேட்டு 1892இல் நியூயார்க்கில் அவர் தொடுத்த வழக்கு தோற்றது. கதை எதையும் சொல்லாத, அழகிய அசைவுகள் மட்டுமே கொண்ட ஆட்டத்தை நாடகப் படைப்பாகக் கருத முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. ஆட்டத்தைக் காக்க முடியாததால் உடை, மேடை அமைப்பு போன்ற கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் நிறுவனமும் லூமியேர் சகோதரர்களும் இந்தப் ‘பாம்பு நடன’த்தைப் படமெடுத்தார்கள், சட்டம் சட்டமாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். எடிசன் படத்தில் ஆடுபவர் அன்னபெல் என்ற இன்னொரு நடனக்காரர். இன்று இணையத்தில் ஃபுல்லர் என்ற பெயரில் சுற்றும் படங்கள் பலவற்றில் ஆடுபவர் அவரல்லர்.

ரேடியம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியைக் கேட்டு, இருட்டில் ஒளிரும் உடை செய்ய அது பயன்படுமா என்று அவர் கியூரி தம்பதியருக்குக் கடிதம் எழுதினார். அது நடவாது என்று அவர்கள் விளக்கினார்கள். அந்த அறிமுகம் நட்பாகி, கியூரிகளின் வீட்டிலேயே அவர் ஒருமுறை ஆடிக்காட்டினார்.

இருபதுகளின் ஐரோப்பா

திரைப்படமே நடன மேடைக்கு வந்ததற்கு 1924ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த ‘ரெலாஷ்’ புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பிரான்சிஸ் பிக்காபியா திட்டமிட்டு, எரிக் சாட்டி இசையமைத்து, சுவீடிஷ் பாலே குழு ஆடியது. ரெலாஷ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘இன்று காட்சி இல்லை’ என்று பொருள். அறிவித்த நாளில் முதன்மை நடனக்காரர் ழான் பொர்லினுக்கு உடல்நலம் குன்றியதால் உண்மையிலேயே காட்சி இல்லை! வந்தவர்கள் இதுவும் கேலியின் ஒரு பகுதி என்று எண்ணினார்களாம். சில நாள் கழித்து, டிசம்பர் 4 அன்று காட்சி நடந்தது. ரெனே கிளேர் எடுத்த ‘ஆன்ட்ராக்ட்’ என்ற படத்தின் சிறு பகுதி தொடக்கத்திலும், மீதி இரு அங்கங்களுக்கு இடையிலும் ஓடியது. படத்துக்கென்றே அளந்து சாட்டி இசை எழுதியிருந்தார்.

ஆனால் இங்கே படமும் நடனமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றையொன்று தொடவில்லை. 1928இல் தியாகிலெஃபின் ரஷ்ய பாலே குழு ‘ஓட்’ என்ற படைப்பில் படங்களை வீழ்த்தி ஆடியது. பிறகு நெடுங்காலம் இத்துறையில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை.

பிரசல்ஸ், 1958

உலகப்போருக்குப் பிந்தைய முதல் பெரிய உலகக் கண்காட்சி 1958இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் நடந்தது. அதில் செக்கோஸ்லோவாக்கியா ‘லத்தேர்னா மகிகா’ என்ற நிகழ்ச்சியை வைத்தது. மாயவிளக்கு என்பதே அப்பெயரின் பொருள். இயக்குநர் ஆல்ஃபிரட் ராடோக்கும் மேடை வடிவமைப்பாளர் யோசெஃப் ஸ்வொபோடாவும் இதன் மூளைகள். பிற்காலத்தில் ஹாலிவுட்டில் புகழ்பெற்ற மிலோஷ் ஃபோர்மனும் அப்போது அந்தக் குழுவில் இருந்தார்.

மேடையில் ஒரு தொகுப்பாளினி நிற்பார். பின்னால் உள்ள திரைகளில் அவரே வேறு மொழிகளில் பேசிக்கொண்டு தோன்றுவார். மேடையில் நிற்பவர் திரையில் இருக்கும் தன்னோடு உரையாடுவார், ஒருவரையொருவர் இடைமறிப்பார்கள். நடனப் பகுதிகளில் மேடையில் ஆடுபவர் திரைக்குப் பின்னால் மறைய, அதே நொடியில் படத்தில் அவர் தொடர்ந்து ஆடுவார். கூட்டம் வரிசையில் நின்றது. அடுத்த ஆண்டே பிராகில் இதற்கு நிலையான அரங்கு அமைந்தது.

இதற்குக் கொடுத்த விலையைச் செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள். படம் முன்கூட்டியே எடுக்கப்பட்டது. அதை மாற்ற முடியாது. மேடையில் நிற்பவர் நொடி பிசகாமல் அதற்கு விடை சொல்ல வேண்டும். இரண்டு தட்டுகள் முன்பின்னாகிவிட்டால் உரையாடல் உளறலாகிவிடும். உயிருள்ள கலைஞர் படச்சுருளுக்கு அடங்கி நடக்கிறார் என்ற குறையை ஸ்வொபோடா மறைக்கவில்லை.

ராடோக்கின் கதை வருத்தமானது. இரண்டாவது நிகழ்ச்சிக்காக அவர் உருவாக்கிய, மார்ட்டினூவின் இசையில் அமைந்த ‘ஊற்றுகளின் திறப்பு’ என்ற பகுதியை அரசு அதிகாரிகள் தடைசெய்தார்கள். அவரும் தான் தொடங்கிய அரங்கிலிருந்தே நீக்கப்பட்டார். 1968இல் சோவியத் படைகள் நுழைந்தபின் நாட்டைவிட்டு வெளியேறி, 1976இல் அயல்மண்ணில் இறந்தார். அரங்கு நின்றது. 1977இல் அரங்கேறிய ‘அற்புத சர்க்கஸ்’ ஆயிரக்கணக்கான முறை நடந்திருக்கிறது. 1989 நவம்பரில் கம்யூனிச ஆட்சிக்கு எதிராக வாக்லாவ் ஹாவேலும் நண்பர்களும் கூடித் திட்டமிட்டதும் பத்திரிகையாளர்களைச் சந்தித்ததும் லத்தேர்னா மகிகாவின் அரங்கில்தான்.

உதயசங்கரின் சங்கர்ஸ்கோப்

இந்தியாவில் இதே கனவைக் கண்டவர் உதயசங்கர். அல்மோராவில் தாம் நடத்திய கலைமையத்தில் இராமலீலையைத் திரைக்குப் பின்னால் மனிதர்கள் ஆடும் நிழலாட்டமாக அமைத்தவர் அவர். 1948இல் வெளிவந்த அவருடைய ‘கல்பனா’ முழுக்க முழுக்க நடனத்தாலான திரைப்படம். படமாக்கப்பட்டது சென்னை ஜெமினி ஸ்டுடியோவில். பிற்காலத்தில் தமிழ்த்திரையில் கொடிகட்டிப் பறந்த பத்மினி அதில் ஆடியிருக்கிறார். 2012இல் கான் திரைப்பட விழாவில் அதன் செப்பனிடப்பட்ட படி திரையிடப்பட்டது.

1970இல், எழுபது வயதில், கொல்கத்தாவில் ‘சங்கர்ஸ்கோப்’ என்ற நிகழ்ச்சியை அவர் மேடையேற்றினார். திரையில் படம் ஓடும். படத்தில் இருப்பவர் திரையைத் தாண்டி மேடைக்கு வருவார். மேடையில் ஆடியவர் மீண்டும் படத்துக்குள் போய்விடுவார். நிழலாட்டம், சினிமா, நடனம் என்று வாழ்நாளில் தொட்ட மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்த முயற்சி இது. நம் பாடநூல்கள் உதயசங்கரைப் பற்றிச் சொல்லும்போது இதை விட்டுவிடுவது முறையாகப் படவில்லை.

நியூயார்க்கின் குறும்புகள்

1960களின் நியூயார்க் கலைஞர்கள் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து தாக்கினார்கள். மெர்ஸ் கன்னிங்ஹாம், இசையமைப்பாளர் ஜான் கேஜோடு சேர்ந்து ஒரு கொள்கையை வகுத்திருந்தார். இசை ஒரு பக்கம், நடனம் ஒரு பக்கம், மேடைக்காட்சி ஒரு பக்கம் தனித்தனியே உருவாகும். மேடையில் ஒரே நேரத்தில் நிகழும். எதுவும் எதற்கும் துணை நிற்காது. 1965 ஜூலையில் லிங்கன் மையத்தில் நடந்த ‘வேரியேஷன்ஸ் 5’ நிகழ்ச்சியில் ஸ்டான் வாண்டர்பீக்கின் படங்களும் நாம் ஜூன் பைக் உருக்குலைத்த தொலைக்காட்சிப் பிம்பங்களும் பின்னால் ஓடின. மேடையில் நட்டிருந்த ஆன்டெனாக்களுக்கும் ஒளியுணர் கருவிகளுக்கும் அருகே நடனக்காரர்கள் வரும்போதெல்லாம் ஒலி மாறியது. இனி நடக்கவிருப்பதற்கு இது முன்னோட்டம்: கருவி ஆடுபவரை உணரத் தொடங்கிவிட்டது. படம் மட்டும் இன்னும் உணரவில்லை.

1966இல் திரிஷா பிரவுன் செய்த ‘ஹோம்மேட்’ சில நிமிடங்களே கொண்ட தனிநடனம். ஓடும் புரொஜெக்டரை முதுகில் கட்டிக்கொண்டு அவர் ஆடினார். ராபர்ட் விட்மன் எடுத்திருந்த அந்தப் படத்திலும் அவர் அதே நடனத்தை ஆடினார். அவர் திரும்பினால் படம் சுவரில் ஓடும். குனிந்தால் கூரைக்குத் தாவும். சுழன்றால் பார்வையாளரின் முகங்களில் விழும். லட்சக்கணக்கில் செலவழித்த அரங்குகளால் முடியாததை ஒரு தோள்பட்டை வாரால் செய்துவிட்டார். படத்தின் வேகம் அவர் கையில் இல்லை. அது விழும் இடம் முழுக்க முழுக்க அவர் உடலின் கையில்.

‘டான்ஸ்’, 1979 மற்றும் 2009

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த படைப்பு லூசிண்டா சைல்ட்ஸ் 1979இல் உருவாக்கிய ‘டான்ஸ்’. பெயரே வெறுமனே நடனம் என்பதுதான். பிலிப் கிளாஸின் இசை; சிறு சுரக்கோவைகள் சற்றே மாறி மாறித் திரும்பத் திரும்ப வரும். நடனமும் அப்படியே. வெள்ளுடை அணிந்தவர்கள் மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியும் திரும்பியும் ஓடுவார்கள், மறைவார்கள், மறுபடி வருவார்கள். கதை இல்லை, முகபாவம் இல்லை. கோலத்தில் புள்ளிகளுக்கிடையே கோடு வளைந்து போவதை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

ஓவியர் சால் லெவிட்டிடம் மேடைக்காட்சி கேட்டபோது, அவர் அதே நடனத்தை அதே கலைஞர்களைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அந்தப் படம் மேடையின் முன்னால் தொங்கும் வலைத்திரையில், நடனம் நடக்கும் அதே நேரத்தில் விழும். திரையில் பெரிய உருவத்தில் ஒருவர் தாவுகிறார். அவருக்குக் கீழே, வலைக்குப் பின்னால், அதே ஆள் அதே தாவலைத் தாவுகிறார். சில இடங்களில் படத்தில் உள்ளவர்கள் மேடையில் உள்ளவர்களின் தலைக்குமேல் இன்னொரு தளத்தில் ஆடுவதுபோல் இருக்கும். திடீரென்று படம் உறைந்து நிற்கும். கீழே நடனம் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று அது ஒரு வடிவ விளையாட்டு. முப்பது ஆண்டுகள் கழித்து 2009இல், மேடையில் புதிய தலைமுறைக் கலைஞர்களை வைத்துக்கொண்டு சைல்ட்ஸ் அதை மீண்டும் அரங்கேற்றினார். படத்தை மட்டும் மாற்றவில்லை. 1979இல் எடுத்த அதே படம் ஓடியது. கீழே இளையவர்கள் ஆட, மேலே அவர்களுக்கு முந்தைய தலைமுறை, இளமை மாறாமல் அதே அடிகளை ஆடியது. தனிநடனப் பகுதியில் படத்தில் இருப்பவர் சைல்ட்ஸேதான். அவர் 1940இல் பிறந்தவர். மறு அரங்கேற்றத்தின்போது வயது அறுபத்தொன்பது. முப்பத்தொன்பது வயதுச் சைல்ட்ஸ் பேருருவாய்த் திரையில் நிற்க, அவர் காலடியில் இன்னொரு பெண் அவருடைய நடனத்தை ஆடினாள்.

பின்தொடர்வது யார் என்ற கேள்வி இங்கே வேறு பொருள் கொள்கிறது. மேடையில் இருப்பவர்கள் படத்தைப் பின்தொடரத்தான் வேண்டும். இசையும் படமும் முன்பே பதிவானவை. லத்தேர்னா மகிகாவில் குறையாக இருந்த அந்தக் கட்டாயமே இங்கு உணர்ச்சியாகிறது. மாணவர் ஆசிரியரின் அடியைப் பின்பற்றி ஆடுவதை நாம் அறிவோம். ஆசிரியரின் இளமைக்கால உடலோடு பக்கத்தில் நின்று ஆடுவதைப் படத்தைத் தவிர வேறெதனாலும் காட்ட முடியாது. பின்னர் பிரான்சின் லியோன் ஓபரா பாலே இப்படைப்பை ஏற்றபோது தன் கலைஞர்களைக் கொண்டு படத்தைப் புதிதாக எடுத்துக்கொண்டது. தொழில்நுட்பமாக அது நேர்த்தியாக இருக்கலாம். பழைய படம் தரும் அந்தக் காலத்தொலைவு அதில் கிடைக்காது என்பது என் எண்ணம்.

எண்பதை நெருங்கிய கன்னிங்ஹாம்

மூட்டுவாதத்தால் உடலை அசைக்கவே சிரமப்பட்ட கன்னிங்ஹாம், 1990களில் கணினியில் உருவங்களை அசைத்துப் பார்த்து நடனம் அமைத்துவந்தார். 1999இல், ஏறத்தாழ எண்பது வயதில், பால் கைசர், ஷெல்லி எஷ்கார் என்ற இரு கணினிக் கலைஞர்களோடு ‘பைப்பெட்’ என்ற 45 நிமிடப் படைப்பை அமெரிக்காவின் பெர்க்லியில் அரங்கேற்றினார். இருகாலி என்பது பெயரின் பொருள்.

நடனக்காரர்களின் உடலில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குமிழ்களை ஒட்டிப் பல கேமராக்களால் அவர்களைப் பதிவு செய்தார்கள். கேமராக்கள் பதிந்துகொண்டது குமிழ்களின் நகர்வை மட்டும். முகம், தோல், உடை எதுவும் இல்லை. அசைவு மட்டும் எண்களாக மிஞ்சியது. அந்த எண்களின்மேல் எஷ்காரும் கைசரும் கைக்கோடுகளால் உருவங்களை வரைந்தார்கள். மேடைமுன் தொங்கிய வலைத்திரையில் அந்தக் கோட்டுருவங்கள் பேருருவாய் நடந்து, தாவி, கலைந்துபோயின. பின்னால் உண்மையான கலைஞர்கள் ஆடினார்கள். கன்னிங்ஹாமின் வழக்கப்படி யாரும் யாரையும் பின்தொடரவில்லை. சில நேரம் ஒத்துப்போனால் அது தற்செயல். படத்துக்கு அடிமையாகவும் வேண்டாம், அதை அடிமையாக்கவும் வேண்டாம் என்ற மூன்றாவது விடை இது.

படத்துக்குக் கண் வந்தது

கணினிகள் போதிய வேகம் பெற்ற பிறகு, நட்டுவனாரின் கண்ணைப் படத்துக்கே கொடுக்க முடிந்தது. ஆஸ்திரேலியாவின் சங்கி மூவ் குழு 2006இல் உருவாக்கிய ‘குளோ’ இதற்குத் தெளிவான சான்று. நடன அமைப்பு கிடியன் ஒபார்சனெக், கணினி ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீடர் வைஸ். அரைமணி நேரத்துக்கும் குறைவான தனிநடனம். ஆடுபவர் வெள்ளைத் தரையில் பெரும்பாலும் படுத்தும் ஊர்ந்தும் ஆடுவார். பார்வையாளர்கள் சுற்றி நின்றும் அமர்ந்தும் மேலிருந்து பார்ப்பார்கள். தரைதான் திரை.

தரைக்கு மேலே ஒரு புரொஜெக்டரும் ஒரு கேமராவும் இருக்கும். கேமரா சாதாரண ஒளியைப் பார்த்தால், தரையில் விழும் படத்தையே ஆள் என்று குழம்பிவிடும். அதனால் மேடைமேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பரப்பி, அதை மட்டுமே பார்க்கும் கேமராவை வைக்கிறார்கள். கேமராவுக்குப் படம் தெரியாது, உடல் மட்டும் தெரியும். உடலின் விளிம்பைக் கணினி கணக்கிட்டு, அதைச் சுற்றிக் கோடுகளையும் நிழல்களையும் அந்தக் கணத்திலேயே வரைகிறது. ஆடுபவர் கையை நீட்டினால் ஒளி நீளும், நின்றால் நிற்கும். நேற்று ஆடியதுபோல் இன்று ஆடவில்லை என்றால் படமும் நேற்றுப்போல் இராது.

ஆஸ்திரியாவின் கிளவுஸ் ஓபர்மையர் 2004இல் செய்த ‘அப்பாரிஷன்’ முதலியவையும் இதே திசையில் போனவை. 2014இல் பிரான்சின் முராத் மெர்சூக்கி, அட்ரியன் எம் – கிளேர் பி என்ற குழுவோடு சேர்ந்து ‘பிக்சல்’ என்ற ஹிப்ஹாப் நடனத்தை அமைத்தார். புள்ளிகளாலான மழையும் அலையும் ஆடுபவர்களைச் சுற்றிக் குவிந்து சிதறும். இத்தகைய படைப்புகள் பலவற்றில் எல்லாவற்றையும் கணினியிடம் ஒப்படைத்துவிடுவதில்லை. அரங்கின் பின்வரிசையில் ஒருவர் கணினிமுன் அமர்ந்து, மேடையைப் பார்த்தபடியே படத்தை இயக்குவார். ஆடுபவர் தாமதித்தால் அவரும் தாமதிப்பார். இந்த வேலையை நம் ஊரில் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தவர்களுக்கு வேறு பெயர்.

குறை இல்லாமல் இல்லை. கையை நீட்டினால் ஒளி நீளும் என்பது புரிந்த ஐந்தாவது நிமிடத்தில் வியப்பு தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு ஆடுபவர் ஏதாவது சொல்ல வேண்டும். இவ்வகை நிகழ்ச்சிகளில் பல அங்கேதான் சரிகின்றன.

வரைந்த காடும் சிலம்பும்

சொல்வதற்கு ஒன்று இருந்தால் எளிய படமே போதும் என்பதற்கு அக்ரம் கானின் ‘தேஷ்’ சான்று. வங்கதேசப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த கதக் கலைஞர் அவர். 2011இல் அரங்கேறிய இந்தத் தனிநடனம் தந்தையோடும் தந்தையின் நாட்டோடும் அவருக்குள்ள உறவைப் பேசுகிறது. ஒரு காட்சியில், தேன் எடுக்கக் காட்டுக்குள் போகும் சிறுவனின் கதை வருகிறது. அதை எழுதியவர்களுள் கேரளத்தில் பிறந்த கவிஞர் கார்த்திகா நாயரும் ஒருவர். முன்னே தொங்கும் வலைத்திரையில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த காடு அசைகிறது. யானை வருகிறது, தேனீக்கள் பறக்கின்றன. அக்ரம் கான் அந்தக் கோட்டு மரங்களுக்கிடையே நடக்கிறார், ஏறுகிறார். படம் முன்பே செய்யப்பட்டதுதான். ஆடுபவர் அதைத் துல்லியமாகப் பின்தொடர்கிறார். குழந்தைக்குக் கதை சொல்பவர் படப்புத்தகத்தின் பக்கத்தைப் பின்தொடர்வதுபோல இருப்பதால் அது உறுத்தவில்லை.

பெங்களூருவில் ஜெயச்சந்திரன் பாலாழி நடத்தும் ஆட்டக்களரி மையம் இந்தியாவில் இத்துறையில் தொடர்ந்து உழைத்த அமைப்பு. பரதநாட்டிய அசைவுகளை எண்மமுறையில் பதிவு செய்து ‘நாகரிகா’ என்ற வரிசையை அது வெளியிட்டது. 2009இல் வந்த அதன் ‘குரோனோடோபியா’, சிலப்பதிகாரத்திலிருந்து தூண்டுதல் பெற்றது. ஜெர்மானியக் கலைஞர் கிறிஸ் சீக்லரின் ஒளியமைப்பும் ஊடாடும் படங்களும் கொண்டது. கோவலன் வந்தான், சிலம்பு உடைந்தது என்று கதையை வரிசையாகச் சொல்வதை விட்டு, இழப்பு, இடம்பெயர்தல், சினம் ஆகியவற்றை அசைவாக்கிய படைப்பு.

பார்ப்பவருக்கு

இவற்றுள் பெரும்பாலானவற்றை நானும் பதிவுகளாகத்தான் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியரின் வசதி அவ்வளவுதான். இதைப் படிக்கும் மாணவர்களும் இணையத்தில்தான் தேடுவார்கள். ஆகவே ஓர் எச்சரிக்கை. மேடையில் ஒன்று உடல், மற்றொன்று படம். உடலுக்கு எடை உண்டு, வியர்வை உண்டு, குதித்தால் பலகை அதிரும். பதிவில் இரண்டுமே படமாகிவிடுகின்றன. ‘குளோ’வில் கணினி வரைந்த கோடும் ஆடுபவரின் முதுகும் உங்கள் கைப்பேசித் திரையில் ஒரே பொருளால் ஆனவை. கணினி வரைகலைக்குப் பழகிய கண்ணுக்கு இதில் என்ன வியப்பு என்று தோன்றும். நேரில் பார்த்தவர்கள் ஏன் மூச்சடக்கினார்கள் என்பது பதிவில் தெரியாது.

நேரில் பார்க்க வாய்த்தால் முதல் வரிசையைத் தவிர்ப்பது நல்லது. அங்கிருந்து வலைத்திரையின் கண்ணிகள் தெரியும், முழுப்படம் தெரியாது. அரங்கின் நடுவரிசைகளில் இருந்தால் படமும் ஆளும் பொருந்தி வரும். பெரிதாகவும் பளிச்சென்றும் இருப்பதைத்தான் கண் முதலில் தேடும். அதனால் தொடக்கச் சில நிமிடங்கள் ஆடுபவரை நாம் பார்க்கவே மாட்டோம். அது நம் குறையன்று.

பதிவாகப் பார்ப்பவர்கள் ‘டான்ஸ்’ படைப்பிலிருந்து தொடங்கலாம். ஒரே பகுதியை இரண்டு முறை ஓடவிடுங்கள்: முதல்முறை வலைத்திரையில் உள்ளவர்களை மட்டும் பாருங்கள், இரண்டாம் முறை கீழே மேடையில் இருப்பவர்களின் பாதங்களை மட்டும்.